கியாரா அம்மணிக்கு ஊற்றிய எண்ணெய்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கம்பெனி கெஸ்ட் ஹவுசில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மேஜையில் நான்கு பேர்: இத்தாலியிலிருந்து தறி மெஷின் பூட்ட வந்திருந்த கியாரா, அவளோடு வந்த மூத்த மெக்கானிக் மார்கோ, எங்கள் முதலாளியின் மகன் செந்தில், அவருடைய சம்சாரம் கவிதா. சமையலறையில் மூன்று பேர்: நான், காய் அரிந்து பாத்திரம் கழுவும் மயிலாத்தா, மேனேஜர் கரீம் பாய். வாசலில் டிரைவர் சுப்பிரமணி. வாட்ச்மேன் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார், அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. யார் இருந்தார்கள், யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று பிறகு என்னை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். ஏழு வருடமாகிறது. இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாறாமல் சொல்வேன்.

இதை எழுதக் காரணம் உண்டு. போன மாதம் நான் வேலை பார்த்த அந்தச் சமையலறைக்குப் போயிருந்தேன். டப்பாவுக்கு டப்பா சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். நிலக்கடலை பட்ட பாத்திரத்துக்குச் சிவப்பு, பாலுக்கு நீலம். கரண்டிகளுக்குத் தனித்தனி ஆணி. கேட்டரிங் படித்துவிட்டு வந்திருக்கும் பெண் ஒருத்தி, “இதெல்லாம் ரொம்ப ஓவருங்க்கா. உங்க காலத்துல ஒரே கரண்டிய வெச்சு ஊருக்கே ஆக்கிப் போட்டீங்கல்ல?” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். “சரிங்க்கா, எழுதியாவது குடுங்க” என்றாள்.

நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தேன். பிறகு பல்லடத்தில் தறிக்கூடத்தில் நூல் சுற்றினேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் பிறந்து, வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு, மில் கேண்டீனில் பாத்திரம் கழுவினேன். அங்கிருந்து கோயமுத்தூரில் இந்த கெஸ்ட் ஹவுஸ். ஐந்து வருடம் காய்தான் அரிந்தேன். சமையல்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஒரு நாள் கரண்டி என் கைக்கு வந்தது. அதற்கு மேல் எனக்குப் படிப்பு கிடையாது.

ஆனால் வாய் இருந்தது. சாப்பாட்டில் எனக்கு அப்படி ஒரு ஆசை. மெஷின் பூட்ட வருகிறவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தாலும், அவர்கள் ஊரில் என்ன தின்கிறார்கள் என்று சாடை காட்டியாவது கேட்டுவிடுவேன். துருக்கிக்காரர் ஒருவர் கத்திரிக்காயை அடுப்பு நெருப்பில் அப்படியே போட்டுச் சுட்டு, தோலை உரித்துத் தயிரில் பிசைந்தார். எங்கள் சுட்ட கத்திரிக்காய்க் கடைசலுக்கும் அதற்கும் நடுவில் புளிதான் வித்தியாசம். ஜப்பான்காரர் ஒருவர் எல்லாரும் முகம் சுளிக்கும் புளித்த கம்பங்கூழை இரண்டு சொம்பு குடித்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டி, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூழ் புளித்தது போதாது என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான். தை மாதத்து அவரைக்காய், மழை விட்டதும் காட்டில் முளைக்கிற பண்ணைக்கீரை, செடியோடு பிடுங்கி வந்த பச்சைக் கடலைக்காய் என்று அந்தந்தக் காலத்தில் எது கிடைக்கிறதோ அதைத்தான் அவர்களுக்கும் வைப்பேன். எந்த மாதம் எது விளையும் என்று அவர்கள் ஊர்க் கதையும் எனக்கு வந்து சேரும்.

ஆசை எவ்வளவோ அவ்வளவு பயமும் உண்டு. உப்புப் போட்டோமா என்ற சந்தேகத்தில் பாதி ராத்திரி விழித்துக்கொள்ளும் ஜாதி நான். என்னைச் சமாளித்து வேலை வாங்கியவர் கரீம் பாய்.

அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோட்டைமேட்டில் மசாலா வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். மூக்கு என்றால் அப்படி ஒரு மூக்கு. மல்லி போன வருடத்துச் சரக்கா என்பதை மூட்டை அவிழ்க்காமலே சொல்வார். யாரையும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் ‘ங்க’ ஒன்று கூடும், அவ்வளவுதான். “தங்கமணிங்க, இந்த ரசம் யாருக்குங்க வெச்சீங்க?” என்றால் ரசம் சரியில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வேளையும் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு முறை உண்டு. கைகளைக் கழுவி, தோளில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு வருவார். ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்ப்பார். பிறகு எல்லாவற்றிலும் ஒரு கரண்டி தன் தட்டில் வாங்கி, நின்றபடியே சாப்பிடுவார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து நிமிடம் பேசாமல் நிற்பார். பிறகு, “நான் உசுரோடதான் இருக்கேன், பரிமாறுங்க” என்பார். மயிலாத்தா தினமும் அதற்குச் சிரிப்பாள்.

கியாரா வருவதற்குப் பத்து நாள் முன்பே அவளைப் பற்றி ஒரு காகிதம் வந்துவிட்டது. கரீம் பாய் எங்களை உட்கார வைத்துப் படித்துச் சொன்னார். அந்த அம்மணிக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் வயிறு கெடுகிற கதை இல்லை. ஒரு துளி போனால் மூச்சுக்குழல் வீங்கி அடைத்துக்கொள்ளும், உயிர் போய்விடும்.

“கடலைக்காய் தின்னா சாவாங்களா?” என்றாள் மயிலாத்தா. “ஏனுங்க பாய், நம்மூர்ல அப்படிப் பாத்தா ஒருத்தரு மிஞ்ச மாட்டாங்களே!”

“நம்ம ஒடம்பு வேற, அவங்க ஒடம்பு வேற. சந்தேகம் இருந்தா கேளுங்க. கேக்காம எதும் செய்ய வேண்டாம்” என்றார் கரீம் பாய்.

எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் பக்கத்துச் சமையலில் நிலக்கடலை எங்கே இல்லை? சட்னியில், பொடியில், பொரியலில், தாளிக்கிற எண்ணெயில். மறுநாள் ஆரம்பித்தேன். கடலை மூட்டை, கடலெண்ணெய் டின், பொடி டப்பா எல்லாம் வண்டியேறி வெளியே போயின. மிக்ஸி ஜார் புதிது வாங்க வைத்தேன். வருடக்கணக்கில் கடலெண்ணெய் குடித்த தோசைக்கல்லையும் பணியாரக் கல்லையும் மூட்டை கட்டினேன். அலமாரிகளைச் சோப்புத் தண்ணீரில் மூன்று தடவை, பிறகு வெந்நீரில் ஒரு தடவை. கரண்டிகளைக் கொதிக்க வைத்தேன். வேலைக்கு வரும்போது யாரும் கடலை மிட்டாய் தின்று வரக் கூடாது என்று சட்டம் போட்டேன். சுப்பிரமணி தன் சட்டைப் பையைத் திருப்பிக் காட்டிவிட்டு, “ஏர்போர்ட்டுல கூட இப்படிச் சோதிக்கிறதில்லீங்க்கா” என்பான். எண்ணெய்க்கு, கம்பெனி லிஸ்டில் உள்ள கடையிலிருந்து சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட். அட்டையில் எழுதியிருந்ததைக் கரீம் பாய் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்துவிட்டு, இது சரி என்றார்.

கியாரா வந்தாள். முப்பது வயதிருக்கும். வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, மஞ்சள் டப்பாவில் இருந்த இரண்டு பேனா மாதிரி ஊசிகளைக் காட்டினாள். மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தி, அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சாடையில் செய்து காட்டினாள். நான் கும்பிட்டேன், அதை எடுக்கிற நாள் வராமல் இருக்கட்டும் என்று.

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளைக்கும் என்னை மாதிரியே தின்கிற ஆசை. ‘அக்கா’, ‘காரம் வேண்டாம்’, ‘இன்னும் கொஞ்சம்’ மூன்றும் முதல் வாரத்திலேயே பழகிக்கொண்டாள். ஒரு நாள் மக்காச்சோள ரவை கேட்டாள். அவர்கள் ஊரில் அதைக் களியாகக் கிண்டித் தின்பார்களாம். எங்கள் பல்லடத்துப் பக்கம் மக்காச்சோளம் என்றால் கோழித் தீவனம். என் அண்ணன் மகன் பண்ணைக்காகக் காயப்போட்டிருந்ததில் நல்லதாகப் பொறுக்கி வாங்கி, நானே கல்லில் உடைத்தேன்.

“கோழிக்குப் போடுறத கெஸ்ட்டுக்குப் போட்டேன்னு தெரிஞ்சா, மொதலாளி என்னைய முட்டை போட வெச்சிருவாரு” என்றார் கரீம் பாய்.

“நாளைக்கு அந்தப் புள்ள கூவுதான்னு பாப்பமுங்க” என்றாள் மயிலாத்தா.

கியாரா அடுப்படியில் நின்று முக்கால் மணி நேரம் விடாமல் கிண்டினாள். இறக்கி, நடுவில் குழி பண்ணி, வெந்த கீரையை வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், பச்சையாக, கடைசியில் என்று மார்கோ விரலை ஆட்டிச் சொன்னார். நான் வாயில் வைத்தேன், அசந்துபோனேன். எங்கள் வீட்டு ராகிக் களிக்குக் குழி பண்ணிக் கீரைக் கடைசல் ஊற்றுகிறோமே, அதேதான். எத்தனை கடல் தாண்டி அந்தக் குழி மட்டும் எப்படி ஒரே மாதிரி வந்தது? கோழிக்குப் போட்ட தானியத்தை அன்றுதான் மனுசத் தானியமாகப் பார்த்தேன்.

கடைசி ஞாயிறு வழியனுப்பு விருந்து. எங்கள் வீட்டில் தின்பதெல்லாம் அவளுக்கு வேண்டுமாம். இடியாப்பம் மாதிரி பிழிகிற சந்தகையும் தேங்காய்ப்பாலும், அரிசியும் பருப்பும் சாதம், அவரைக்காய்ப் பொரியல், பச்சைப்புளி ரசம், அதோடு அவளுடைய மக்காச்சோளக் களியும் கீரையும் என்று முடிவானது.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து எண்ணெய் வந்தது. வழக்கமான பாக்கெட் இல்லை, வேறு கம்பெனி. மேலே பூப்படம் அதேதான். பின்னால் எறும்பு ஊர்ந்த மாதிரி இங்கிலீஷ். நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கரீம் பாய் அன்று முதலாளியோடு திருப்பூர் போயிருந்தார். போன் போட்டிருக்கலாம். மயிலாத்தா முன்னால், எனக்குப் படிக்கத் தெரியவில்லை என்று போனில் சொல்ல வெட்கம். இவ்வளவு நாள் சமையல் பார்த்துவிட்டு ஒரு பாக்கெட்டைப் படிக்கத் தெரியாதா என்று யாரும் கேட்டுவிடுவார்களோ என்று. இதில் கடலெண்ணெய் கலந்திருந்தால்? அன்று ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. கண்ணால் பார்த்து ஆட்டின எண்ணெய்தான் உத்தரவாதம் என்று விடிவதற்குள் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி கிணத்துக்கடவு போனேன். அங்கே என் தம்பிக்குத் தென்னந்தோப்பு. அவனிடம் நாலு கிலோ கொப்பரை வாங்கிக்கொண்டு பக்கத்து மரச்செக்குக்குப் போனேன். செக்குக்காரர் பழனிச்சாமி தம்பிக்குப் பழக்கம்.

“ஏனுங்க்கா, இத்தனூண்டு கொப்பரைக்கு என்ற செக்க ஓட்டச் சொல்றீங்களே!”

“கூலி சேத்தி வாங்கிக்கங்க. வேற எதும் கலக்கக் கூடாதுங்க. எனக்குச் சுத்தமா வேணும்.”

“இங்க கலப்படமே கெடையாதுங்க. கண்ணு முன்னாடி ஆட்டறது.”

அப்போதுதான் ஒரு ஈடு ஆட்டி முடித்துப் பிண்ணாக்கைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டை உடைத்து, “சூடா இருக்குதுங்க, தின்னு பாருங்க” என்று நீட்டினார். கடலைப் பிண்ணாக்குச் சூட்டோடு என்ன வாசம்! தின்றேன். தின்ற பிறகு பகீரென்றது. தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையை மூன்று தடவை கழுவினேன், வாய் கொப்பளித்தேன், முந்தானையை உதறினேன். பழனிச்சாமி செக்கை உலர்ந்த துணியால் ஒரு துடை துடைத்துவிட்டுக் கொப்பரையைப் போட்டார். நான் வீட்டிலிருந்து கொதிக்க வைத்து எடுத்துப் போயிருந்த சில்வர் தூக்கை என் கையாலேயே பிடித்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. எண்ணெய் பொன்னாக இறங்கியது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன்.

ஞாயிறு காலை கரீம் பாயிடம் தூக்கைக் காட்டினேன். “என்ற தம்பி தோப்புத் தேங்காயிங்க. நானே நின்னு ஆட்டிட்டு வந்தேன்.” அவர் மூடியைத் திறந்து மோந்தார். “நல்ல வாசமுங்க” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மத்தியானம் கவிதா அம்மணி ஒரு பச்சைப் பட்டுச்சேலையைக் கொண்டுவந்து கியாராவுக்குக் கட்டிவிட்டார். எல்லாரும் கை தட்டினோம். எப்போதும் தோளில் தொங்கும் அவளுடைய பை சேலைக்கு எடுப்பாக இல்லை என்று மாடியிலேயே வைத்துவிட்டு இறங்கி வந்தாள். கரீம் பாய் வழக்கம்போல எல்லாவற்றையும் மோந்தார், தின்றார், பத்து நிமிடம் நின்றார். “நான் உசுரோடதான் இருக்கேன்.” பரிமாறினோம். களியில் குழி பண்ணி, கீரை வைத்து, எண்ணெயை நான் ஊற்றினேன். அவள் “போதும்” என்று கையை மறித்தாள். எங்கள் ஊரில் விருந்தாளி போதும் என்றால் இன்னொரு கரண்டி ஊற்றுவதுதான் மரியாதை. ஊற்றினேன்.

ரசம் கொண்டு போகும்போது அவள் உதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வருவதற்குள் கழுத்தெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது. மார்கோ எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அவள் என்னவோ சொன்னாள், குரல் அவளுடையதாக இல்லை, தகரத்தைத் தேய்க்கிற மாதிரி வந்தது. “பென்! பென்!” என்று மார்கோ கத்தினார். செந்தில் தம்பி சட்டைப் பையிலிருந்து எழுதுகிற பேனாவை எடுத்து நீட்டினார்.

எனக்குப் புரிந்தது. மாடிக்கு ஓடினேன். பதினெட்டுப் படி. பையைக் கட்டில் மேல் கொட்டினேன். மஞ்சள் டப்பா. எடுத்துக்கொண்டு இறங்கினேன். மார்கோ அவளைத் தரையில் படுக்க வைத்திருந்தார். பட்டுச்சேலைக்கு மேலேயே தொடையில் குத்திப் பிடித்தார். கவிதா அம்மணி மூலையில் உட்கார்ந்து அழுதார். மயிலாத்தா, “கருப்பராயா, கருப்பராயா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி வண்டியைப் படி வரைக்கும் ஏற்றிவிட்டான். பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்து, கால்களைத் தூக்கி என் மடியில் போட்டுக்கொண்டேன். வழியில் மார்கோ இரண்டாவது ஊசியும் போட வேண்டியிருந்தது. அவள் உதடு நீலம் பாய்ந்திருந்ததை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டு போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு டாக்டர் வந்தார். சின்ன வயசு, பேச்சில் எங்கள் பக்கத்து வாடை. மூச்சு வந்துவிட்டது, ஆனால் ராத்திரிக்குள் திரும்பவும் அடைத்துக்கொள்ளலாம், ஐ.சி.யு.வில்தான் இருக்க வேண்டும் என்றார். சமைத்தது யார் என்று கேட்டார்.

“நான்தானுங்க. ஒரு கடலை கெடையாதுங்க சாமி. மூணு வாரமா ஊட்டுக்குள்ளயே வர உடலீங்க. கருப்பராயன் மேல சத்தியமுங்க.”

“பதறாதீங்கம்மா. என்ன என்ன சாப்பிட்டாங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க.”

சொன்னேன். கரீம் பாய் பக்கத்தில் நின்றார். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். உப்பு வரைக்கும் சொன்னேன்.

“என்ன எண்ணெய்?”

“தேங்காயெண்ணெய்ங்க. கடையில வாங்குனதில்லீங்க. நானே செக்குல நின்னு ஆட்டிட்டு வந்தேன்.”

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

“அந்தச் செக்குல அதுக்கு முன்னாடி என்னங்கம்மா ஆட்டுனாங்க?”

என் நாக்கில் அந்தச் சூடான பிண்ணாக்கின் ருசி வந்தது, நிஜமாகவே வந்தது. கையைக் கழுவினேன். வாயைக் கழுவினேன். முந்தானையை உதறினேன். மரச்செக்கை யாரும் கழுவுவதில்லை, தண்ணீர் பட்டால் எண்ணெய் கெடும் என்பார்கள். அதன் அடியில் ஒட்டியிருந்தது முழுக்கக் கொப்பரையோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது, என் கண்ணெதிரே, நான் கொதிக்க வைத்துக் கொண்டுபோன பாத்திரத்துக்குள். இங்கிலீஷ் எழுத்துக்குப் பயந்து நான் ஒதுக்கி வைத்த பாக்கெட்டில் ஒரு கெடுதலும் இருந்திருக்காது. காவல் காக்கிறேன் என்று போய் நானே வாங்கி வந்து ஊற்றியிருக்கிறேன், போதும் என்றவளுக்கு இன்னொரு கரண்டி.

“கடலைங்க” என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. கரீம் பாய், “கடலைங்களாம்” என்று டாக்டருக்கு எடுத்துச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவளுக்கு மறுபடியும் மூச்சுத் திணறியது. டாக்டர் சொன்னபடி ஐ.சி.யு.விலேயே இருந்ததால் பிழைத்தாள். மூன்றாம் நாள் பெட்டியை எடுக்க கெஸ்ட் ஹவுசுக்கு வந்தாள். கரீம் பாயை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன், செக்கு, பிண்ணாக்கு, பாக்கெட், எல்லாம். கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள், கோபப்படவில்லை. ஆனால் விமானம் ஏறும்வரை வாழைப்பழமும் பிஸ்கட்டும்தான் தின்றாள். நான் கொடுத்த தண்ணீரைக்கூட வாங்கவில்லை. அவள் செய்தது சரி. எனக்கு அதைவிடப் பெரிய அடி எதுவும் இல்லை.

மறுநாள் கரீம் பாய் இங்கிலீஷில் டைப் அடித்த ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

“கையெழுத்துப் போடுங்க.”

“என்னங்க எழுதியிருக்குது?”

“நடந்தது எழுதியிருக்குதுங்க.”

போட்டேன். இன்றைக்குச் சீட்டு வரும், நாளைக்கு வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஒரு மாதம், ஒரு வருடம் போனது. முதலாளி மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு எந்தப் பொருள் வந்தாலும், “எனக்கு இதப் படிக்கத் தெரியாதுங்க, படிச்சுச் சொல்லுங்க” என்று யாரையும் கூசாமல் கேட்டேன். வேலையில் நான் கற்றுக்கொண்டதிலேயே பெரியது அதுதான், வரப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்வதும் அதுதான். கரீம் பாய் இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்றுப் போத்தனூரில் மகள் வீட்டோடு போய்விட்டார்.

போன வருடம் ஓய்வு பெற என் முறை. கணக்கு முடிக்க ஆபீசுக்குப் போனேன். ஹெச்.ஆரில் இருக்கும் பெண் என் பைலைப் புரட்டினாள். ஏதாவது மெமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

“இருக்குமுங்க அம்மணி. ஒண்ணு இருக்கோணும்” என்றேன்.

“உங்க பேர்ல ஒண்ணுமே இல்லீங்க்கா. இந்த ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கு. இதுவும் மேனேஜர் பேர்ல.”

தமிழில் சொல்லச் சொன்னேன். அவள் விரல் வைத்துப் படித்தாள். ‘எண்ணெயை மாற்றச் சொன்னது நான். சமையல்காரர் செக்குக்குப் போனது என் உத்தரவின்படி. அவர் மீது தவறு இல்லை.’ கீழே அவர் கையெழுத்து, சாட்சியாக என் கையெழுத்து. அதன் பின்னால் இன்னொரு தாள் குத்தியிருந்தது. லிஸ்டில் இல்லாத இடத்தில் வாங்கச் சொன்னவரே ஆஸ்பத்திரிச் செலவை ஏற்க வேண்டும் என்று கம்பெனி உத்தரவு. தொண்ணூற்று இரண்டாயிரத்து நானூறு ரூபாய். மாதம் மூவாயிரத்து எண்ணூற்றைம்பதாக இருபத்து நாலு மாதம் அவர் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள்.

நான் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த இருபத்து நாலு மாதமும் அவர் தினமும் என் எதிரே நின்று, மோந்து பார்த்து, பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லவில்லை. அவர் மகளுக்கு அந்த வருடம்தான் கல்யாணம். பட்டுக்குப் பதில் பாலியெஸ்டர் எடுத்ததாக மயிலாத்தா சொல்லி, பாய் கஞ்சம் என்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருக்கிறோம்.

நேராகப் போத்தனூருக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க பாய், இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! பொய்யில கையெழுத்து வாங்கியிருக்கீங்களே!”

அவர் நிமிர்ந்து பார்த்தார். எதைச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை.

“பொய்யில்லீங்க தங்கமணி. நீங்க தூக்கக் காட்டுனீங்க, நான் மோந்து பாத்தேன். கொப்பரையில கடலை வாசம் கண்டுபுடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அன்னைக்கு என்ற மூக்கு தவறிப்போச்சு. நீங்க கேக்காம போனீங்க, நான் கேக்காம உட்டுட்டேன். ரெண்டுல எது பெரிசு?”

“அப்படின்னா பாதியாச்சும் என்னுதுங்க.”

“உங்களுக்கு ரெண்டு புள்ளைங்க. அன்னைக்கு வேலை போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? போங்க, டீ சாப்பிடுங்க.”

நான் டீ குடிக்க மாட்டேன் என்றேன். அழுதேன், சண்டை போட்டேன். முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளாவிட்டால் இந்த வாசலை விட்டுப் போக மாட்டேன் என்று பட்டாணித் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். பட்டாணி தீர்ந்தது. அவர் மகள் வந்து, “அத்தா, வாங்கிக்கங்க, இல்லாட்டி இவங்களுக்கும் சேத்து ஒல வெக்கோணும்” என்றாள்.

“எப்படிக் குடுப்பீங்க?”

“மாசம் ரெண்டாயிரமுங்க. வட்டியும் போட்டுக்கங்க.”

“வட்டி எங்களுக்கு ஆகாதுங்க” என்றார். “மொதல் மட்டும் குடுங்க.”

பதினொரு மாதம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எண்ணாமல் பையில் போட்டுக்கொள்கிறார். எழுபதாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.